கதவைத் திறந்தவர் குற்றவாளியா?

பிற்பகல் மூன்று மணி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆறாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டனர். பேரப்பிள்ளைகள் இன்னும் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார். கம்பிக் கதவுக்கு அப்பால், வெள்ளைச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் கழுத்தில் அட்டை தொங்க நிற்கிறார்.

“வணக்கம் பாட்டி. இந்த வட்டாரத்துத் தண்ணீரைச் சோதிக்க வந்திருக்கிறோம். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் கொடுங்கள், போதும்.”

வாசலில் நின்று தண்ணீர் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லிப் பாட்டிக்குப் பழக்கம் இல்லை. கதவு திறக்கிறது.

ஒரு மணி நேரம் கழிகிறது. பாட்டி ஒரு தாளில் கையெழுத்திடுகிறார். அவர் வாங்கியிருப்பது ஒரு நீர் வடிகட்டி. விலை 2,400 ரிங்கிட். முன்பணமாக, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த 400 ரிங்கிட்டை எடுத்துக் கொடுக்கிறார். மாலையில் மகன் வீடு திரும்புகிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “யாரைக் கேட்டுக் கதவைத் திறந்தீர்கள், அம்மா?” மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் பார்த்த பார்வை பாட்டிக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், “இந்தக் காலத்திலும் இப்படி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்களா?” என்று வியக்கிறார். அன்று முதல் பாட்டி அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கையெழுத்திட்ட தாள், பழைய ரொட்டி டின் ஒன்றுக்குள் போய் மறைகிறது.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தில் நடந்த நிகழ்வு அன்று. ஆயினும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல குடும்பங்கள் இதைப் படித்தவுடன் தங்கள் வீட்டில் நடந்ததை நினைத்துக்கொள்ளும். சில வீடுகளில் அது நீர் வடிகட்டியாக இருந்திருக்காது. மின்சார அடுப்பாகவோ, உடம்புப்பிடிப்புக் கருவியாகவோ, சுரண்டிப் பார்த்தால் கார் பரிசு என்று சொன்ன அட்டையாகவோ இருந்திருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இளைஞர் இரண்டு குவளைகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்த வடிகட்டிய தண்ணீர். உலோகத் தண்டுகள் பொருத்திய ஒரு சிறு கருவியை இரண்டிலும் மூழ்கவைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, சேறு போலக் கலங்கியது. வடிகட்டிய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. “இதைத்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் தினமும் குடிக்கிறார்கள், பாட்டி” என்றார் அவர்.

பார்ப்பவர் அஞ்சுவது இயற்கை. ஆனால், அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. அந்தத் தண்டுகளில் இரும்பு இருக்கிறது. மின்பகுப்பு நடக்கும்போது இரும்பு கரைந்து, துருவைப் போன்ற பழுப்புப் பொருளாகத் தண்ணீரில் படிகிறது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் போன்ற கனிமங்கள் இயல்பாகவே கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் பாய்கிறது. கனிமங்கள் நீக்கப்பட்ட தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாய்வதில்லை. ஆகவே, அதில் மாற்றம் எதுவும் தெரிவதில்லை. அந்தத் ‘தூய’ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை மூழ்கவைத்தால் அதுவும் பழுப்பாகிவிடும். வேதியியல் வகுப்பில் மின்பகுப்பைப் படித்தவர்கள்கூட, எதிரே ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது இதை உடனே நினைவுக்குக் கொண்டுவருவார்கள் என்று சொல்ல முடியாது. மாலையில் வந்து கேள்வி கேட்ட மகனுக்கும் இந்த விளக்கம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கருவி ஒரு பகுதிதான். பேச்சுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு குவளைத் தண்ணீர். பிறகு உள்ளே வந்து உட்கார ஓர் இடம். பிறகு ஐந்து நிமிடம். பிறகு ஒரு கையெழுத்து. சிறிய வேண்டுகோளுக்கு இணங்கியவர் அடுத்துவரும் பெரிய வேண்டுகோளுக்கும் இணங்கும் வாய்ப்பு மிகுதி என்பதை 1966-ஆம் ஆண்டு ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சோதித்துக் காட்டினர். சாலைப் பாதுகாப்பை வலியுறுத்தும் பெரிய, அழகற்ற பலகை ஒன்றை வீட்டு முற்றத்தில் நட்டுவைக்க முடியுமா என்று வீடு வீடாகக் கேட்டபோது, ஆறில் ஒருவர்தான் சம்மதித்தார். ஆனால், இரண்டு வாரங்களுக்கு முன்பு அதே கருத்தைச் சொல்லும் சிறிய அட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தவர்களில் நான்கில் மூவர் பெரிய பலகைக்கும் சரி என்றனர். அவர்களில் யாரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். முன்பு ‘சரி’ என்று சொன்ன தங்கள் வாய்க்கு உண்மையாக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான். விற்பனையாளர்கள் இந்த உத்தியை உளவியலாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

நிற்க. பாட்டியின் ரொட்டி டின்னுக்குள் இருக்கும் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பு உண்டு. மலேசியாவில் 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம், வீடு தேடி வந்து விற்பவர்களுக்குச் சில கடமைகளை விதித்திருக்கிறது. தாம் எதற்காக வந்திருக்கிறோம் என்பதை வீட்டுக்குள் நுழையும் முன்பே சொல்ல வேண்டும்; அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அதிகார அட்டையையும் காட்ட வேண்டும்; வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, வாங்கியவர் மனம் மாறுவதற்குச் சட்டம் கொடுக்கும் கால அவகாசம். ஒப்பந்தம் செய்த மறுநாளிலிருந்து பத்து வேலை நாள்களுக்குள், காரணம் எதுவும் கூறாமலேயே, எழுத்து மூலம் தெரிவித்து அதை ரத்து செய்யலாம். சிங்கப்பூரில் இந்த அவகாசம், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்கள் நீங்கலாக ஐந்து நாள்கள். ஒருவர் தம் வீட்டிலேயே, முன்னேற்பாடு இல்லாமல், அந்நியர் ஒருவரின் பேச்சுக்கு நடுவே எடுக்கும் முடிவு முழுமையான முடிவு ஆகாது என்பதை இரு நாட்டுச் சட்டங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. வீட்டார் ஒப்புக்கொள்ளாததைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால், பத்து நாள்கள் விரைவில் கடந்துவிடும். திட்டு வாங்கிய பாட்டி அந்தத் தாளை எடுத்துக் காட்டமாட்டார். மாதத் தவணை கேட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தாலும், தம் மருந்துச் செலவைக் குறைத்துக்கொண்டு கட்டிவிடலாமா என்று யோசிப்பாரே தவிர, மகனிடம் மீண்டும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார். ஆக, “யாரைக் கேட்டுக் கதவைத் திறந்தீர்கள்?” என்ற கேள்வியால் அந்த வீட்டுக்கு நேர்ந்த இழப்பு 2,400 ரிங்கிட்.

அன்பான மகன் ஏன் அப்படிக் கேட்டார்? மெல்வின் லெர்னர் என்னும் உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உலகம் நியாயமானது, நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று மனிதர்கள் நம்ப விரும்புகிறார்கள் என்பது அவருடைய கருத்து. 1966-இல் அவரும் சிம்மன்ஸ் என்பவரும் நடத்திய சோதனையில், ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி பெறுவதை மாணவியர் பார்த்துக்கொண்டிருந்தனர். உண்மையில் அது நடிப்பு. மாணவியருக்கு அது தெரியாது. அவளுடைய வேதனையை நிறுத்தி, வலியின்றிப் பயிற்சியைத் தொடர வழி கிடைத்தபோது பெரும்பாலோர் அதைத் தேர்ந்தெடுத்தனர். நிறுத்த வழியே இல்லை, வேதனை தொடரும் என்று நம்பிய மாணவியரோ அந்தப் பெண்ணையே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினர். குற்றமற்ற ஒருவர் துன்பப்படுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது கடினம். அவரிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது எளிது. பாட்டி அறியாமையால் ஏமாந்தார் என்றால், அறிந்த நமக்கு அது நேராது என்ற நிம்மதியும் அதில் கிடைக்கிறது.

மற்றொரு காரணம், முடிவு தெரிந்த பிறகு எல்லாம் முன்பே தெரிந்தது போலத் தோன்றுவது. 1975-இல் ஃபிஷ்ஹாஃப் என்னும் ஆய்வாளர், அதிகம் அறியப்படாத ஒரு பழைய போரைப் பற்றிச் சிலரைப் படிக்கச் செய்தார். போர் எப்படி முடிந்தது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், அந்த முடிவுதான் ஏற்பட்டிருக்கும் என்று மற்றவர்களைவிட உறுதியாக மதிப்பிட்டனர். முடிவை மறந்துவிட்டு மதிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டபோதும் அவர்களால் இயலவில்லை. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியவருக்கு, இளைஞர் ஏமாற்ற வந்தவர் என்பது தெளிவாகத் தெரிகிறது. மூன்று மணிக்குப் பாட்டியின் கண்ணுக்குத் தெரிந்ததோ வெயிலில் களைத்து நின்ற ஒரு பையன்தான்.

அந்தப் பையனைப் பற்றியும் இங்கே பேச வேண்டும்.

அவர் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு வேலை தேடியவராக இருக்கலாம். ‘மேலாண்மைப் பயிற்சியாளர்கள் தேவை, அனுபவம் வேண்டாம், கைநிறையச் சம்பளம்’ என்ற விளம்பரத்தை முகநூலில் பார்த்திருப்பார். நேர்முகத் தேர்வு பத்தே நிமிடத்தில் முடிந்து, அன்றே வேலை கிடைத்திருக்கும். சீருடைக்கும் மாதிரிக் கருவிக்கும் பணம் கட்டிய பிறகுதான் அடிப்படைச் சம்பளம் இல்லை, விற்றால் மட்டுமே தரகு என்று தெரிந்திருக்கும். இத்தகைய நிறுவனங்களில், “நீங்கள் தொழிலாளி அல்லர், சொந்தத் தொழில் செய்பவர்” என்று எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். அப்படி எழுதிவிட்டால் குறைந்தபட்சச் சம்பளம், சேமநிதி, ஓய்வு நாள் எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்களின் கணக்கு.

ஒவ்வொரு நாளும் காலையில் கூட்டம் நடக்கும். முந்தைய நாள் அதிகம் விற்றவரை மேடையில் நிறுத்திக் கைதட்டுவார்கள். எதுவும் விற்காதவரையும் எல்லார் முன்னிலையிலும் நிற்கவைப்பார்கள். “மனம் வைத்தால் முடியாதது இல்லை, முடியவில்லை என்றால் நீ உழைக்கவில்லை” என்று அவருக்குச் சொல்லப்படும். பத்து மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கியவர், பிழை தம்மிடமே என்று நம்பத் தொடங்குவார். இப்படிப் பழியை ஏற்றுக்கொள்ளப் பழகியவர் சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டார். இதை நம்பித்தான் அத்தகைய வேலையிடங்கள் இயங்குகின்றன. இரண்டு மாதங்களுக்குப் பிறகு கடனோடு வீடு திரும்பினால், “ஒரு வேலையில் நிலைத்து நிற்கத் தெரியாதா?” என்று தந்தையும் அதே பாட்டைத்தான் பாடுவார்.

ஒரு கம்பிக் கதவின் இரு பக்கத்திலும் ஏமாற்றப்பட்டவர்களே நிற்கக்கூடும். ஆதாயம் பெற்றவர் அந்த அடுக்குமாடிக்கு வருவதே இல்லை. பாட்டி வீட்டார் அந்தப் பையனைத் திட்டலாம். பையனின் வீட்டார் பையனைத் திட்டலாம். திட்ட வேண்டியவரின் பெயர் மட்டும் எந்த வீட்டிலும் தெரிவதில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கருவியின் இரகசியம் தெரிந்த பிறகும் ஒருவர் அதே பேச்சைப் பேசிப் பாட்டிகளிடம் பணம் பறித்தால், அவரை வெறும் பாதிக்கப்பட்டவர் என்று விட்டுவிட முடியாது. வேலையை இழக்கும் அச்சம் அவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்காது. இன்று ஏமாந்தவர் நாளை தம் இழப்பை ஈடுகட்ட நண்பர்களையே சேர்த்துவிடுவதும் உண்டு. கோடு எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலை ஏமாற்று எல்லை தாண்டும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. அண்மை ஆண்டுகளில், நல்ல சம்பளத்தில் வாடிக்கையாளர் சேவை வேலை என்று அழைக்கப்பட்டு, கம்போடியாவிலும் மியன்மாரிலும் உள்ள வளாகங்களில் அடைக்கப்பட்ட மலேசிய இளைஞர்கள் பலர். அங்கே அவர்களின் கடப்பிதழ் பறிக்கப்பட்டது; இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு மிரட்டப்பட்டனர்; மறுத்தவர்கள் அடிபட்டனர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. சிக்கியவர்களில் பலர் பட்டதாரிகள், கணினி அறிந்தவர்கள், பல மொழி பேசுபவர்கள் என்றும் அது குறிப்பிட்டது. ‘படிக்காதவர்கள்தாம் ஏமாறுவார்கள்’ என்பவர்களுக்கு இந்த அறிக்கையே பதில்.

மீட்கப்பட்டு விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களைப் பற்றிய செய்திகளின்கீழ், “பேராசைக்குக் கிடைத்த பரிசு” என்று எழுதுவோரும் இருக்கின்றனர். மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ‘அவர் சம்மதித்துத்தான் வந்தார்’ என்பது கடத்தியவருக்குத் தற்காப்பு வாதம் ஆகாது என்று அச்சட்டம் கூறுகிறது. பொய் சொல்லிப் பெற்ற சம்மதம் சம்மதமே அன்று.

இந்த நாட்டுத் தமிழர்களுக்கு இது புதிய கதையும் அன்று. மலாயாவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், கப்பல் செலவைத் தங்கள் கூலியிலிருந்து கழித்துக்கொடுத்து, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு வெளியேற முடியாமல் உழைத்தனர். அந்த ஒப்பந்த முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன் பின்னரும் கங்காணிகள் ஊருக்குப் போய், மலாயாவில் வாழ்வது எளிது என்று சொல்லி ஆள் சேர்த்து வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அது நின்றது. வறண்ட ஊரிலிருந்து அந்தப் பேச்சை நம்பிக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவை இன்று எந்தக் குடும்பமும் ஏமாளி என்று அழைப்பதில்லை. அவர் பட்ட துன்பத்தைப் பெருமையோடும் கண்ணீரோடும் சொல்கிறார்கள். அதே குடும்பம், வெளிநாட்டு வேலையை நம்பிப் போன கொள்ளுப்பேரனைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது.

எச்சரிக்கையே வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. முன்பின் தெரியாதவரிடம் அட்டையைக் கேட்டுப் பார்ப்பதும், அன்றே கையெழுத்திட மறுப்பதும், வெளிநாட்டு வேலை என்றால் நிறுவனத்தை விசாரிப்பதும் பயனுள்ளவை. அவற்றைச் சொல்லவேண்டிய நேரம் கதவு தட்டப்படுவதற்கு முன்பு. தட்டப்பட்டு, திறக்கப்பட்டு, பணமும் போன பிறகு அதே சொற்கள் அறிவுரையாக ஒலிப்பதில்லை; தீர்ப்பாகவே ஒலிக்கின்றன.

பணம் போன பிறகு தேவைப்படுபவை வேறு கேள்விகள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் மாற்றப்பட்டிருந்தால், எத்தனை மணிக்கு என்பதே முதல் கேள்வி. 2022-இல் மலேசியா அமைத்த தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குமுன் அதைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. வெட்கத்தால் மறைத்த ஓர் இரவு அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும். சம்பளம் தராத நிறுவனம் என்றால் தொழிலாளர் துறை இருக்கிறது. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, எழுத்து வடிவில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் முதலாளியே கட்டுப்படுத்தினால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவர் தொழிலாளியாகவே கருதப்படுவார். கட்டாய உழைப்பு தனிக் குற்றமாகவும் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

வீட்டு வாசலில் விற்கப்பட்ட பொருள் என்றால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மனுவுக்கான கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். உள்நாட்டு வாணிப அமைச்சிலும் புகார் கொடுக்கலாம். எங்கே போனாலும் அந்தத் தாள் வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயரும் கையெழுத்திட்ட தேதியும் இருக்கின்றன.

பாட்டியின் பேத்தி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “பாட்டி, அந்தத் தாளில் என்ன தேதி போட்டிருக்கிறது, பார்க்கலாமா?” என்று கேட்டால், ரொட்டி டின் அலமாரியிலிருந்து இறங்கக்கூடும். அன்று நான்காம் நாள் என்றால், இன்னும் ஆறு வேலை நாள்கள் மீதம் இருக்கும்.